சமக்குறிக்குப் பின்னால் ஒன்றுமில்லை

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் பழைய அலுவலகத்திலிருந்து நஃபீஸா தொலைபேசியில் கூப்பிட்டார். நான் விட்டுவந்த வேலையை இப்போது பார்ப்பவர் அவர்தான். எங்கள் கன்டெய்னர் யார்டின் மென்பொருளை வெளியிடும் பைப்லைனை வேறொரு சேவைக்கு மாற்றுகிறார்களாம்.

"மேடம், ஒவ்வொரு ஸ்டேஜ் ஆரம்பத்துலயும் பத்துப் பன்னெண்டு வரி இருக்கு. வேரியபிள் காலியா இருக்கான்னு பாக்குது, அப்புறம் அத லாக்ல எழுதுது. வேற ஒரு வேலையும் செய்யல. புதுசுக்கு மாத்தும்போது எடுத்துடலாமான்னு கேக்குறாங்க" என்றார்.

எடுக்காதீர்கள் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அந்த வரிகள் எப்படி அங்கே வந்தன என்பது எந்த ஆவணத்திலும் முழுதாக இல்லை. விசாரணைக் கோப்பில் பாதி இருக்கிறது. மீதி என்னிடம் இருக்கிறது. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், இத்தனை வருடமாக இதை யாரிடமும் வரிசையாகச் சொன்னதேயில்லை என்பது தெரிந்தது.

என் பெயர் சங்கமித்திரை. வியாசர்பாடியில் பிறந்து இன்னமும் அங்கேயே இருக்கிறேன். புத்தரை வணங்கும் வீடு எங்களுடையது; பெயர் அப்பா தேடி வைத்தது. அலுவலகத்தில் யாரும் அதை முழுதாகச் சொன்னதில்லை, மித்ரா என்றுதான் கூப்பிட்டார்கள். கணிதத்தில் பட்டம் வாங்கிய கையோடு, திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் இருந்த ஒரு தனியார் யார்டில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தேன். டோல்கேட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பேன். லாரி நம்பர், பெட்டி நம்பர், சீல் நம்பர் என்று நாள் முழுக்கத் தட்டிய அந்த ஆறு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாலை வகுப்பில் புரோகிராமிங் படித்தேன். கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றினார்கள். கடைசிப் பதினைந்து வருடம் ரிலீஸ் என் பொறுப்பு.

ரிலீஸ் என்றால், புரோகிராமர்கள் எழுதி முடித்ததை யார்டின் சர்வரில் ஏற்றி ஓட வைப்பது. எங்கள் மென்பொருளுக்கு முக்கியமான வேலை ஒன்றுதான். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியையும் எந்த வரிசையில், எந்த அடுக்கில் வைக்க வேண்டும் என்று அது முடிவு செய்யும். பெட்டியை மேலிருந்து பிடித்துத் தூக்கி அடுக்கும் பெரிய வண்டிக்கு ஸ்டாக்கர் என்று பெயர். அதன் ஓட்டுநருக்கு முன்னால் ஒரு டேப், சின்னத் தொடுதிரை, பொருத்தியிருக்கும். வைக்க வேண்டிய இடம் அதில் வந்து நிற்கும். ஓட்டுநர் அங்கே கொண்டுபோய் வைப்பார்.

ஆரம்பத்தில் ரிலீஸை நானே கையால் செய்தேன். ஒரே கம்ப்யூட்டர், அச்சடித்த ஒரு பட்டியல், ஒவ்வொரு வரிக்கும் பென்சில் டிக். காலையில் ஒரு மதிப்பைத் தட்டி வைத்தால் வேலை முடியும்வரை அது அங்கேயே இருக்கும். பிறகு பைப்லைன் வந்தது. பில்ட், டெஸ்ட், டிப்ளாய் என்று மூன்று ஸ்டேஜ். நிரலைத் திரட்டிக் கட்டுவது முதலாவது, சோதிப்பது இரண்டாவது, சர்வரில் ஏற்றுவது மூன்றாவது. ஒரு பொத்தானை அழுத்தினால் தானாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்.

இதில் எனக்குப் பிடிபட நாளான விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்டேஜும் ஒரு புது மெஷினில் ஓடும். வேலை முடிந்ததும் அந்த மெஷின் துடைக்கப்பட்டுவிடும். முதல் ஸ்டேஜில் ஒரு வேரியபிளுக்கு நான் கொடுத்த மதிப்பு அடுத்த ஸ்டேஜுக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் அதை ஒரு சின்ன ஃபைலில் எழுதி, இந்த ஃபைலைப் பத்திரமாக எடுத்து வை என்று அறிவிக்க வேண்டும். வாங்குகிற ஸ்டேஜிலும் யாரிடமிருந்து வாங்குவது என்பது சரியாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் மதிப்பு வந்து சேராது. வரவில்லை என்று யாரும் சத்தம் போடவும் மாட்டார்கள்.

அப்படிக் கைமாறியவற்றில் ஒன்று ரூல்செட் என்ற வேரியபிள். பெட்டிகளை அடுக்க எந்த விதித் தொகுப்பைப் பின்பற்றுவது என்பது அதில் இருக்கும். எங்கள் யார்டுக்கு உரிய தொகுப்பில் ஆபத்தான சரக்குக்கான விதிகள் உண்டு. எது எதன் பக்கத்தில் இருக்கக் கூடாது, எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். பேசிக் என்று இன்னொரு தொகுப்பும் இருந்தது. அதில் பெட்டியின் நீளமும் எடையும் மட்டும். என் மேசையில் சோதித்துப் பார்க்க நான் வைத்துக்கொண்டது அது. ரூல்செட் காலியாக இருந்தால் பேசிக்கை எடுத்துக்கொள் என்று டிப்ளாய் ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதியதும் நான்தான். ஒவ்வொரு தடவையும் தட்டச்சு செய்யச் சோம்பல், அவ்வளவுதான் காரணம். அப்படி ஒரு வரி இருப்பதையே பின்னால் மறந்துவிட்டேன்.

எங்கள் பிரிவின் தலைவி ஜெபசெல்வி. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். ராயபுரத்தில் அவர்களுக்கு இரும்புச் சாமான் மொத்த வியாபாரம். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். இரண்டுமே இருவருக்கும் இயல்பாக இருந்தது. பைப்லைன் ஓடும்போது வரிவரியாகப் பதிவாகும் லாக்கைத் திரையில் படிக்க மாட்டார். அச்சடித்து வாங்கி, கடையிலிருந்து கொண்டுவந்த மரஸ்கேலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து நகர்த்தியபடி வாசிப்பார். நின்றுகொண்டேதான் வாசிப்பார். ஏதாவது ஒரு மதிப்பு கண்ணில் பட்டால் ஸ்கேல் நின்றுவிடும். "இது எங்க வச்சு உருவாச்சு? இங்க எப்படி வந்துச்சு?" இந்த இரண்டு கேள்விதான். யார் செய்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பதில் சொல்ல ஐந்து நிமிடம் ஆனாலும் ஸ்கேல் அங்கேயே இருக்கும்.

ரிலீஸ் மெதுவாக ஓடுகிறது என்று ஒருசமயம் புகார் வந்தது. பில்ட் ஸ்டேஜை இரண்டாக உடைத்தேன். கட்டுவது ஒன்று, கட்டியதைப் பொட்டலமாக்குவது இன்னொன்று. அதற்குப் பேக்கேஜ் என்று பெயர் வைத்தேன். டிப்ளாய் யாருக்காகவும் காத்திராமல் சீக்கிரம் தொடங்கட்டும் என்று, அதற்குத் தேவை பேக்கேஜ் மட்டும்தான் என்று பெயர் குறிப்பிட்டு எழுதினேன். ரிலீஸ் நேரம் பாதியாகக் குறைந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மாற்றத்தை ஜெபசெல்வியிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ரூல்செட் எங்கருந்துக்கா வருது?" என்றார்.

"பில்ட்லருந்து மேடம்."

"இப்பவும் அங்கருந்து வருதா?"

"வருது மேடம்."

பார்க்காமல் சொன்னேன். வழக்கமாக வருகிற விஷயம், வந்துகொண்டுதான் இருக்கும் என்ற நினைப்பு. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நாலு ஸ்டேஜும் பச்சை விளக்கோடு முடிந்தன.

பன்னிரண்டு நாள் கழித்து, யார்டில் தேசப்பன் வண்டியை நிறுத்தினார்.

தேசப்பனை அதுவரை எனக்குப் பெயரளவில்தான் தெரியும். காத்திவாக்கத்துக்காரர். அண்ணன் தம்பிகள் கழிமுகத்தில் இறால் பிடிக்கிறார்கள். அவர் மட்டும் ஸ்டாக்கர் ஓட்ட வந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அன்று மதியம் அவர் தூக்கியிருந்த பெட்டியில் நீச்சல் குளங்களில் போடும் குளோரின் தூள். மஞ்சள் நிறச் சாய்சதுர அடையாளம் ஒட்டியிருந்தது. டேப் காட்டிய இடத்துக்குப் போனால் பக்கத்தில் சிவப்பு அடையாளம் ஒட்டிய பெட்டி, உள்ளே பெயின்ட் தின்னர். தூள் கசிந்து தின்னரோடு கலந்தால் தீக்குச்சி தேவையில்லை, தானே பற்றிக்கொள்ளும். அவர் வைக்கவில்லை. பெட்டியை வழியிலேயே இறக்கிவிட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி நின்றார். சூப்பர்வைசர் சத்தம் போட்டார். லாரிகள் கேட்டைத் தாண்டிப் பெரிய ரோடு வரைக்கும் நின்றன. ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு வண்டியை வரவழைத்து, அந்தப் பெட்டியை வேறொரு காலி வரிசையில் போட்டார்கள். அன்று சாயங்காலமே தேசப்பன் சஸ்பெண்ட். சிஸ்டம் தந்த உத்தரவை மீறினார், சாவியைக் கொடுக்க மறுத்தார், யார்டை முடக்கினார் என்று மூன்று குற்றச்சாட்டு.

சிஸ்டம் சரியாகத்தான் இடம் ஒதுக்கியதா என்று எங்கள் பிரிவிடம் அறிக்கை கேட்டார்கள். நான் பார்த்தேன். பைப்லைன் பச்சை. சோதனைகள் எல்லாம் தேறியிருந்தன. சர்வரில் உள்ள விதிகளின்படி அந்த இடம் பொருந்துகிறதா என்று ஓட்டிப் பார்த்தேன், பொருந்தியது. "ஏற்றப்பட்ட விதிகளின்படியே மென்பொருள் இடம் ஒதுக்கியுள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜெபசெல்வியும் போட்டார். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஏற்றப்பட்ட விதிகள் எவை என்று மட்டும் நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் விசாரணை. வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரை விசாரணை அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். அறிக்கை கொடுத்தவள் என்பதால் என்னையும் உட்கார வைத்தார்கள். தேசப்பன் துவைத்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கைகளை மேசைமேல் வைக்கலாமா கூடாதா என்று யோசிக்கிறவர் போலத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"அந்த இடத்துல வைக்கச் சொல்லி டேப்ல வந்ததா, இல்லையா?" என்று அதிகாரி கேட்டார்.

"வந்துச்சு சார்."

"அப்புறம் ஏன் வைக்கல?"

"பக்கத்துல செவப்பு ஒட்டுன பொட்டி கீது சார். எங்கையில இருந்தது மஞ்சா. ரெண்டும் ஒண்ணாண்ட வைக்கக் கூடாது. ட்ரெய்னிங்ல சொல்லிக் குட்த்தாங்க."

"அத முடிவு பண்ண வேண்டியது நீங்களா, சிஸ்டமா?"

"சிஸ்டம் எறங்கி வந்து பாக்காது சார். நான் பாத்தேன்."

அதிகாரி என் அறிக்கையை எடுத்து வாசித்தார். தேசப்பன் முழுதும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"யம்மா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

அதிகாரி தலையசைத்தார்.

"போன மாசம் இதே மேரி மஞ்சா ஒண்ணு, செவப்பு ஒண்ணு எங்கையில வந்துச்சும்மா. அன்னிக்கி இதே டேப்பு ஒண்ண அந்தக் கோடியில வைக்கச் சொல்லிச்சு, இன்னொண்ண இந்தக் கோடியில வைக்கச் சொல்லிச்சு. சரக்கு மாறல. நானும் மாறல. அப்ப மாறுனது இன்னாது?"

அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். விசாரணையை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் மேசைக்கு வந்தேன். போன மாத ஒதுக்கீடுகளில் அவர் சொன்ன இரண்டு பெட்டிகளைத் தேடி எடுத்தேன். அவர் சொன்னபடியே இருந்தது. ஒரு கோடியில் ஒன்று, மறு கோடியில் ஒன்று. அந்த நாளுக்கும் அவர் வண்டியை நிறுத்திய நாளுக்கும் நடுவில் நடந்தது ஒரே ஒரு ரிலீஸ். ஸ்டேஜை உடைத்து நான் செய்த ரிலீஸ். அதன் டிப்ளாய் லாக்கை அச்சடித்து, ஜெபசெல்வி செய்வதுபோலவே ஒரு ஸ்கேலை வைத்து மேலிருந்து வந்தேன். இரண்டாவது பக்கத்தின் நடுவில் ரூல்செட் என்று இருந்தது. அதையடுத்து ஒரு சமக்குறி. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. அடுத்த வரி வேறு எதையோ பற்றி.

கொஞ்ச நேரத்தில் மற்றது எல்லாம் விளங்கியது. எங்கள் பைப்லைனில், ஒரு ஸ்டேஜுக்கு யார் தேவை என்று பெயர் சொல்லிவிட்டால், பெயர் சொன்னவரிடமிருந்து மட்டும்தான் அது வாங்கும். டிப்ளாய்க்குப் பேக்கேஜ் போதும் என்று எழுதிய அன்றே, பில்ட் எழுதி வைத்த ஃபைல் அதற்கு வருவது நின்றுவிட்டது. டெஸ்ட் ஸ்டேஜ் பழையபடி பில்டிடமிருந்தே வாங்கியது, அதனால் சரியான விதிகளோடு சோதித்துத் தேறியது. டிப்ளாய்க்கு வந்தது காலி. காலியாக இருந்தால் பேசிக்கை எடுத்துக்கொள் என்று நான் எழுதிய வரி, சொன்ன வேலையைச் செய்தது.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை. அதைத் திருத்த ஒரே ஒரு பெயரைச் சேர்த்தால் போதும். டிப்ளாயின் தேவைப் பட்டியலில் பில்ட் என்று எழுத வேண்டும். எழுதியும்விட்டேன். சேமிக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் விரல் நின்றது. லாக் எல்லாம் முப்பது நாளில் தானாக அழிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஏற்பாட்டைச் செய்தவளே நான்தான். பத்தொன்பது நாள் போய்விட்டது. இன்னும் பதினோரு நாள் பேசாமல் இருந்தால் சமக்குறியும் இருக்காது, அதன் பின்னால் இருந்த வெறுமையும் இருக்காது. என் அறிக்கை மட்டும் கோப்பில் இருக்கும். அதில்தான் பொய்யே இல்லையே.

அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் பெயர், என் சர்வீஸ், எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு என்று நினைப்பு சுற்றிக்கொண்டிருந்தது. யார்டு இந்த நிமிஷமும் பேசிக் விதியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அந்த அரை மணி நேரத்துக்கு நான் யாரிடமும் காரணம் சொல்ல முடியாது. லாக்கை இன்னொரு பிரதி எடுத்தேன். ஜெபசெல்வியின் அறைக்குப் போனேன்.

சொன்னதும் அவர் எழுந்து நின்று காகிதத்தை வாங்கினார். ஸ்கேல் நகர்ந்து வந்து அந்த வரியில் நின்றது. கேள்வி இரண்டையும் அவர் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்தார்.

"மெயின் கேட்டா? ஆபத்துச் சரக்கு எந்த லாரியில வந்தாலும் வெளியவே நிறுத்தி வையிங்க. நான் சொல்லுத வரைக்கும் ஒண்ணையும் உள்ள விடாதீய."

பிறகு என்னிடம், "அக்கா, மொதல்ல சர்வர சரி பண்ணுங்க. அப்புறம் இந்தப் பத்தொம்போது நாளுல உள்ள வந்த ஆபத்துப் பெட்டி எல்லாத்தையும் பட்டியல் எடுங்க. எங்க இருக்குன்னு திரையில பாக்க வேண்டாம், நேர்ல போய்ப் பாப்போம். மேலிடத்துக்கு லெட்டர் அதுக்கப்புறம்" என்றார்.

மேலாளருக்கும் தகவல் சொன்னார். மூன்று மணி வெயிலில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் பாதுகாப்பு அதிகாரியும் வரிசை வரிசையாக நடந்தோம். இத்தனை வருடத்தில் நான் யார்டுக்குள் நடந்தது பத்துத் தடவைகூட இருக்காது. எனக்கு அது எப்போதும் திரையில் தெரியும் கட்டங்கள்தான். பெரும்பாலான பெட்டிகள் தற்செயலாகவே தள்ளி இருந்தன. ஏழாவது வரிசையில் பாதுகாப்பு அதிகாரி நின்றுவிட்டார். மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் என் கை நுழையும் அளவு இடைவெளி. வேறொரு ஓட்டுநர், டேப் சொன்னபடி வைத்தது. ஒன்பது நாளாக இரண்டும் அப்படியே வெயிலில் நின்றிருந்தன. தகரத்தில் கை வைக்க முடியவில்லை. பிளீச்சிங் பவுடர் வாசனை லேசாக வந்தது. அது பெட்டியிலிருந்து வருகிறதா, பக்கத்துக் கால்வாயிலிருந்து வருகிறதா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

வண்டி வந்து மஞ்சள் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோகும் வரைக்கும் ஜெபசெல்வி அங்கேயே நின்றார். பிறகு பெட்டி இருந்த இடத்தில் சிமென்ட் தரையைக் குனிந்து பார்த்தார். வெள்ளையாகக் கொஞ்சம் தூள் சிந்தியிருந்தது. பாதுகாப்பு அதிகாரி எங்களைப் பின்னால் போகச் சொன்னார்.

அறைக்குத் திரும்பியதும் அவர் சொன்னார்: "ரெண்டு லெட்டர் எழுதணும்க்கா. என்ன தப்பு நடந்துச்சு, எப்படிச் சரி பண்ணினோம்னு ஒண்ணு. அறிக்கைய வாபஸ் வாங்குறோம்னு இன்னொண்ணு. ரெண்டையும் ஒரே தாளுல எழுதாதீய. மொதல் லெட்டருக்குள்ள ரெண்டாவது லெட்டரு காணாமப் போயிரும்."

"உங்க பேரு வேணாம் மேடம். நான் பாக்காம சொன்னதுதானே."

"அறிக்கையில நானும்தான் கேக்காம போட்டேன். ரெண்டு கையெழுத்து இருக்கு. ரெண்டும்தான் வாபஸ் ஆகணும்."

மேலாளர் கெட்டவர் இல்லை. ஆனால் யார்டின் பெயர் அவருக்குப் பெரிது. தேசப்பனைக் கூப்பிட்டு, நிர்வாகம் பெருந்தன்மையோடு மன்னித்து வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று ஒரு கடிதம் தருகிறேன், விசாரணையை இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் இரண்டு கடிதமும் அவர் மேசைமேல் இருந்தன. அந்த அறையில் நானும் இருந்தேன்.

தேசப்பன் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "மன்னிச்சிட்டோம்னு போட்டுக்கீது சார்" என்றார்.

"ஆமா. வேலை உறுதி. நாளைக்கே வரலாம்."

"மன்னிப்புன்னு எழுதினா நான் தப்பு பண்ணேன்னு ஆவும் சார். நாளைக்கி இன்னொருத்தன் மஞ்சாவும் செவப்பும் பாத்தா எறங்குவானா? தேசப்பனே மன்னிப்பு வாங்கிக்கினுதான் வந்தான்னு சொல்லி வச்சிட்டுப் பூடுவான். எனுக்கு இது வோணாம்."

மேலாளர் ஜெபசெல்வியைப் பார்த்தார். அவர் எங்கள் கடிதங்கள் இரண்டையும் மேசையிலிருந்து எடுத்து, ஓரங்களைச் சேர்த்துத் தட்டி, "இது விசாரணையில வாசிக்கப்படணும் சார். அனுப்பியாச்சு" என்றார். விசாரணை அதிகாரிக்கு ஏற்கெனவே பிரதி போயிருந்தது. எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

அடுத்த அமர்வில் என்னையே வாசிக்கச் சொன்னார்கள். ஒரு பக்கம்தான். பார்க்காமல் பதில் சொன்னேன், சோம்பலால் ஒரு வரி எழுதினேன், அதை மறந்தேன், தேசப்பன் மறுத்தது சரி, என் அறிக்கை தவறு. நிமிர்ந்து பார்க்கவில்லை. முடித்ததும் அதிகாரி தேசப்பனிடம், "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார். "நான் கேட்டதுக்கு பதில் வந்துட்ச்சு சார்" என்றார் அவர்.

குற்றச்சாட்டு மூன்றும் ரத்தாயின. எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்கு ரிலீஸ் பொத்தானை என் கையால் அழுத்தக் கூடாது என்றார்கள். அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை, பிறகும் வரவில்லை. ஜெபசெல்விக்கும் ஒரு கடிதம் வந்ததாகக் கேள்விப்பட்டேன். அவர் அதைப் பற்றிப் பேசியதேயில்லை.

அந்த வாரம்தான் நஃபீஸா கேட்கும் வரிகளை எழுதினேன். காலியாக இருந்தால் எடுத்துக்கொள் என்ற வரிகளை எல்லா ஸ்கிரிப்டிலும் தேடித் தேடி அழித்தேன். காலியாக இருந்தால் நில் என்று எழுதினேன். எந்த மதிப்பு வந்தது, எந்த ஸ்டேஜிலிருந்து வந்தது என்று லாக்கில் எழுத வைத்தேன். லாக்கை ஒரு வருடம் வைத்திருக்கும்படி மாற்றினேன். இத்தோடு போதும் என்று நினைத்தேன். ஜெபசெல்வி பார்த்துவிட்டுக் கடைசியில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். டிப்ளாய் முடிந்த பிறகு, சர்வரிடமே போய் நீ இப்போது எந்த விதியில் ஓடுகிறாய் என்று கேட்டு, பில்ட் சொன்னதோடு ஒப்பிட வேண்டும். "அனுப்புனத கேக்காதீயக்கா. போய்ச் சேந்தத கேளுங்க." நஃபீஸா, புதிய சேவையில் வரிகளின் வடிவம் வேறாக இருக்கலாம். சில வேலைகளை அந்தச் சேவை தானே செய்கிறேன் என்றும் சொல்லலாம். சொல்வதை நம்புங்கள். ஆனால் ஒரு தடவை வேண்டுமென்றே காலியாக விட்டு ஓட்டி, அது நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

தேசப்பன் வேலைக்குத் திரும்பிய நாள் காலை நான் யார்டுக்குள் போனேன். சட்டையின் மேல் பச்சை ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறப் போனவர், என்னைப் பார்த்ததும் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். சொல்ல வேண்டியதை ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அவர் முன்னால் நின்றதும் எல்லாம் போய்விட்டது.

"மன்னிச்சிக்கோங்கண்ணா. நான் பாத்திருக்கணும்" என்றேன்.

என்னைப் பார்த்தார். கோபமா, இரக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இல்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

"இருபது நாளு வூட்ல குந்திக்கினு இருந்தேன்மா. எம் பொண்ணு இஸ்கோல்ல கேட்டுக்கீறாங்க, உங்கப்பா இன்னா பண்ணாருன்னு. பதிலு சொல்லத் தெரியாம அழுதுக்கினு வந்துச்சு. அத்த நீ திருப்ப முடியாது."

"முடியாதுண்ணா."

"ஆனா எல்லாரு முன்னாடியும் நீயே படிச்ச. அந்தத் தாளு ஒண்ணு எனுக்கு வோணும். பொண்ணாண்ட காட்டணும்."

பையில் ஒரு பிரதி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மேலே ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். என் பின்னால் ஒரு லாரி பெட்டியோடு வந்து நின்றது.

"நகரும்மா" என்றார். "லாரி நிக்கிது பாரு."

நான் ஓரமாக நகர்ந்து வழிவிட்டேன்.